சோப்பு டப்பா ஸ்டேஷன்

ரேடியோவின் முள்ளை ஒரு மயிரிழை நகர்த்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்த கடைசி ஆட்கள் நாம்தான். அதனால் இதை நம் வயதுக்காரர்களிடம் சொன்னால்தான் எடுபடும். போன மாதம் சின்னம்மாவின் மகள் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடுத்த அறையில் தூங்கும் அவள் பிள்ளை அதில் தெரிந்தது.

"பாருக்கா, மூச்சு விடுறதுகூடத் தெரியுது" என்றாள்.

"ஒன் மூச்சைப் பதிமூணு பேரு வெங்காயக் காட்டுல ஒக்காந்து கேட்டாங்கடி" என்றேன்.

அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் சொல்லாமல் விட்ட சிலவற்றையும் சேர்த்து.

எனக்கு அப்போது பதினொரு வயது. வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. அப்பாவின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போய், பாடாலூர் போகிற வழியில் நின்றிருந்த ஓர் எருமையின் மேல் விட்டேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அது மேயப் போய்விட்டது. பள்ளிக்கூடம் இல்லை என்பதில் எனக்கு இருந்த மகிழ்ச்சி இரண்டே நாளில் தீர்ந்தது. கட்டுக்குள் அரிக்கும்போது சொறிய ஒரு ஈர்க்குச்சி கொடுத்து, அம்மா என்னைத் தூளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

தூளியில் சின்னம்மாவின் குழந்தை. சின்னம்மா என்றால் அம்மாவின் ஒரே தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் அப்போதே இல்லை. அதனால் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் சின்னம்மாவை எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்து வந்தோம். அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே வீடு, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒன்றரை ஏக்கர், தங்கை, தங்கையின் பிள்ளை, என் கால் எல்லாமே அம்மாவின் ஆட்சியில் இருந்தன.

பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியும் சின்னம்மாவின் மாமியார் வந்து எட்டிப் பார்க்கவில்லை. திருமானூர் பக்கம் அவர்கள் ஊர். அவரை எங்கள் வீட்டில் எல்லோரும் சம்பந்தியம்மா என்றுதான் சொல்வோம். அவர் ஏன் வரவில்லை என்பதற்கு அம்மாவிடம் காரணம் தயாராக இருந்தது.

"பொட்டப்புள்ளைன்னு தெரிஞ்சிருச்சு. அப்புறம் எங்க வருவாங்க?"

இதைப் பால்காரரிடம் சொன்னாள், கடைக்காரரிடம் சொன்னாள், மாவுக்கட்டுப் போட்ட டாக்டரிடம்கூடச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது பொழுது கிழக்கே உதிப்பதுபோல ஒரு விஷயம் ஆகிவிட்டது. சின்னம்மா மறுக்கவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தலைகுனிந்துகொள்வாள், அவ்வளவுதான்.

தை மாதம் சின்ன வெங்காயம் பிடுங்கும் வேலை வந்தது. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் பிடுங்குவதால் ஆள் கிடைக்காது. மேஸ்திரி அக்கா என்று நாங்கள் கூப்பிடும் பெண் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்தாள். அதுவும் போதாமல் சின்னம்மாவும் இறங்க வேண்டியதாயிற்று. ஆனால் பிள்ளை அழுதால் காட்டுக்குக் கேட்காது. நான் கத்தினாலும் கேட்காது. ஒரு பக்கம் மோட்டார் கொட்டகை, இன்னொரு பக்கம் சென்னை ரோட்டு லாரிகள். நடந்துபோய்ச் சொல்ல எனக்குக் காலும் இல்லை. சின்னம்மா பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரப்பேறி ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

இதைச் சின்னம்மாவின் வீட்டுக்காரரான சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார். அவர் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் எலெக்ட்ரீஷியன். அதிகம் பேசமாட்டார். வந்ததும் வீட்டில் எது பழுதாகியிருக்கிறது என்று கண்ணால் தேடுவார். ஒன்றும் பழுதாகவில்லை என்றால் முகம் வாடிவிடும். அன்று அவர் முகம் மலர்ந்தது. அடுத்த ஞாயிறு ஒரு ரோஸ் நிற சோப்பு டப்பாவோடு வந்தார்.

டப்பாவுக்குள் ஒரு சின்னப் பலகை. அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக், செம்புக் கம்பியால் சுற்றிய ஒரு சுருள், கட்டெறும்பு போலக் கறுப்பாக ஒன்று, சதுர பேட்டரி. டப்பாவின் மூலையில் ஓட்டை போட்டு ஒரு முழம் வயர் வால்போல வெளியே தொங்கியது.

"இது பேசுனா அது கேக்கும்" என்று பையிலிருந்து ஒரு பாக்கெட் ரேடியோவையும் எடுத்து வைத்தார். சித்தப்பாவின் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான விளக்கம் அதுதான்.

கேட்கவில்லை. வயரை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தோம். சித்தப்பா வெங்காயக் காட்டில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். வாசல்வரை வந்தால் கேட்டது, வாசலைத் தாண்டினால் போயிற்று. இரும்பு எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது என்றார். வயரை அவிழ்த்து ஓட்டுக்கு அடியில் மரச்சட்டத்தில் நேராகத் தொங்கவிட்டதும் முதல் வரப்புவரை போனது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கரண்டில் போட்டுப் பார்த்தார். வண்டு குடைவதுபோல 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். மறுபடி பேட்டரி. டப்பாவைத் தூளிக் கயிற்றிலேயே கட்டினோம். தூளி ஆட ஆட, குழந்தையின் அழுகை நாதஸ்வரம் மாதிரி ஏறி இறங்கியது. சுருள் ஆடினால் ஸ்டேஷனும் ஆடுமாம். மெழுகுவத்தியை உருக்கிச் சுருளின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு அதை அசையாமல் ஆக்கினார். டப்பாவைத் தூளிக்கு எதிரே சுவர் ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகுதான் கடைசி வரப்புவரைக்கும் பிள்ளையின் மூச்சு போனது.

சின்னம்மா ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள். அழுதாளா சிரித்தாளா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா மட்டும் உடனே அரியலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். இனி அங்கே பழுதாக ஒன்றும் இல்லை.

மறுநாள் பாக்கெட் ரேடியோவை ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்தார்கள். ஒரு மணி நேரம் குழந்தை மூச்சு விடுவதைக் கேட்டார்கள். அப்புறம் எனக்குப் பொறுக்கவில்லை. டப்பாவின் பக்கம் குனிந்து, "நேரம் காலை பத்து மணி. குழந்தை தூங்குகிறது. நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது. ஈ எழுந்துவிட்டது" என்றேன்.

மோட்டார் சத்தத்தையும் மீறிக் காட்டிலிருந்து சிரிப்பு மிதந்து வந்தது. அன்று நான் கெட்டுப்போனேன்.

அதற்குப் பிறகு காலையில் செய்திகள், பதினொரு மணிக்குப் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு கதை, மத்தியானம் விளம்பரம். "வாங்கிவிட்டீர்களா மேஸ்திரி அக்கா வெற்றிலைப் பை? ஒரு முறை திறந்தால் பத்துப் பேருக்கு வேலை நிற்கும்." இதற்கு நல்ல வரவேற்பு. அடுத்து, "எங்கள் வீட்டுச் சாம்பார். பருப்பைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு" என்றேன். இதற்கும் வரவேற்பு இருந்தது. ஆனால் அம்மா களைக்கொத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

நிலையத்துக்கு ஒரே ஒரு தீராத வியாதி. வெயில் ஏறி ஓடு கொதித்தால் ஸ்டேஷன் நகரும். மெள்ள மெள்ள நகர்ந்து திருச்சி நிலையத்தின் காலடியில் போய் விழும். அங்கே எந்நேரமும் யாராவது பயிருக்கு மருந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள். சித்தப்பா அதற்காக ஒரு பழைய பிளாஸ்டிக் சீப்பின் பல்லைத் தேய்த்துக் கூராக்கிக் கொடுத்திருந்தார். டப்பாவுக்குள் இருந்த திருகை அதனால்தான் தொட வேண்டும். இரும்பால் தொட்டாலோ விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலோ ஸ்டேஷன் தாவி ஓடிவிடும். நான் இங்கே திருக, அங்கே பெண்கள் முள்ளைத் திருக, நடுவில் எங்காவது சந்தித்துக்கொள்வோம்.

ஒரு நாள் ரோட்டோரம் லாரியை நிறுத்திவிட்டு ஒரு டிரைவர் எங்கள் வாசலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஏம்மா, இங்க பக்கத்துல எங்கயாச்சும் கொழந்தை ஏதும்…" என்று இழுத்தார். பாட்டுக்காக லாரி ரேடியோவின் முள்ளைத் திருகியபோது, ஆளில்லாத வண்டிக்குள் பச்சைக் குழந்தை வீறிட்டிருக்கிறது. தூளியைக் காட்டினேன். சோப்பு டப்பாவைக் காட்டினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி, பாதியைக் குடித்து, மீதியை முகத்தில் அடித்துக்கொண்டு போனார்.

இப்படி இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலை, கையில் ஒரு மஞ்சள் பையோடு சம்பந்தியம்மா தனியாக வந்து நின்றார். கட்டையான உடம்பு, இரும்புக் குரல். தகவல் சொல்லவில்லை, மகனைக்கூட அழைத்து வரவில்லை.

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்தாள். வைத்த சத்தத்திலேயே வரவேற்பு முடிந்துவிட்டது.

"மூணு மாசம் ஆச்சுங்களே, வழி தெரிஞ்சிருச்சா?" என்றாள்.

"தெரிஞ்ச வழிதான்" என்றார் அவர்.

சின்னம்மா சுவரோரம் நின்றாள். காட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். சம்பந்தியம்மாவே முடிவு சொன்னார். "போய் வேலையப் பாருங்க. நான் புள்ளையப் பாத்துக்கிறேன். இந்த நொண்டிப் பொண்ணும் செத்த வெளிய காத்தாட ஒக்காரட்டும்."

அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. ஆனால் சொந்தப் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எப்படி வேண்டாம் என்பது? என்னைத் தூக்கி நிறுத்தும் சாக்கில் சின்னம்மா என் காதில் கிசுகிசுத்தாள்.

"பெட்டிய அணைக்காத. சக்கரத்தண்ணி கிக்கரத்தண்ணி ஊத்திட்டா என்ன பண்றது?"

நான் கம்பை ஊன்றி நொண்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். என் நிலையத்தை நானே வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை.

கவிழ்த்த கூடையைச் சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அரிவாள்மணையில் தாள் அறுபடும் சத்தம் மட்டும். ரேடியோவில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தூளிக் கட்டை கிறீச்சிட்டது. பிறகு ஒரு குரல்.

"ஏண்டி என்னையே பாக்குற? ஆருன்னு தெரியலையா? ஒங்கப்பன் மூக்கு அப்படியே இருக்கு. அது எங்க வூட்டு மூக்கு இல்ல, ஒங்க தாத்தன் வூட்டு மூக்கு. அந்த மூக்கால அவரு விட்ட கொறட்டைல முப்பது வருசம் நான் தூங்கல."

மேஸ்திரி அக்கா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். அது அந்த இரும்புக் குரல்தானா என்று எல்லோரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். சின்னம்மா ரேடியோவையே பார்த்தாள்.

"ஒங்கப்பன் இருக்கானே, வாயத் தொறந்தா முத்து உதிந்துரும். அம்மாகிட்டயும் பேசமாட்டான், பொண்டாட்டிகிட்டயும் பேசமாட்டான். நடுவுல நான் ஒங்கம்மாகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியாம, சோத்துல உப்பு கம்மின்னு பேசுனேன். வேற பேச்சு வரல. அவ அழுதுட்டா."

அம்மா, "ம்க்கும்" என்றாள். ஆனால் கை நின்றிருந்தது.

"நீ பொறந்த அன்னைக்கே நான் வந்தேண்டி தங்கம். மூணு பஸ்ஸு மாறி பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வந்து கதவாண்ட நிக்கிறேன், உள்ள ஒங்க பெரியம்மா…"

"…தண்டுத் துளைப்பான் தாக்குதல் தென்பட்டால், ஏக்கருக்கு…" என்றது ரேடியோ.

"ஐயய்யோ!" என்று பதிமூன்று பேரும் கத்தினார்கள். வெயில் ஏறிவிட்டது, ஸ்டேஷன் நகர்ந்துவிட்டது. சின்னம்மா முள்ளைத் திருகினாள், வெங்காயப் பிசுக்கில் விரல் வழுக்கியது. அம்மா பிடுங்கி எதிர்ப்பக்கம் திருகினாள், சினிமாப் பாட்டு வந்தது. மேஸ்திரி அக்கா ரேடியோவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "எங்கிட்டக் குடுங்க!" என்று அலறினேன். அத்தனை பெரியவர்களும் அன்று எனக்குக் கீழ்ப்படிந்தார்கள். ரேடியோவை வாங்கி, நகக்கண்ணால் முள்ளைக் கீழ்ப்பக்கம் தள்ளினேன். பயிர் மருந்து மங்கியது. இரைச்சல். இன்னும் ஒரு மயிரிழை.

"…'பொட்டப்புள்ளைன்னு தெரிஞ்சா அந்தப் பொம்பள எட்டிக்கூடப் பாக்காது, வந்தாலும் புள்ளையத் தொட விடமாட்டேன்'னு நர்ஸம்மாகிட்டச் சொல்றா. நான் கதவுக்கு இந்தப் பக்கம் லேகியப் பாத்திரத்தோட நிக்கிறேன். எப்படி உள்ள வருவேன், சொல்லு? திரும்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து, புள்ள பெத்தவ திங்க வேண்டிய லேகியத்த நானே தின்னேன். ஆத்திரத்துல முழுப் பாத்திரத்தையும் தின்னேண்டி. அரியலூர் போறதுக்குள்ள வவுறு பட்ட பாடு இருக்கே…"

ஒருத்தி களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை வெங்காயக் கை. இன்னும் அதிகமாகக் கொட்டியது.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஊரில் யாரிடமும் வாய்ச்சண்டையில் தோற்காதவள். முகம் சாணி மெழுகிய தரைபோல இறுகிக் கிடந்தது. அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். அவள் சொன்னபோது நானும் அந்த வார்டில் கட்டில் ஓரமாக நின்றிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்க முடியும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். "அக்கா, வேணாங்க்கா" என்றாள் சின்னம்மா. அம்மா திரும்பவில்லை. நாங்கள் ரேடியோவை நெருங்கிக்கொண்டோம்.

கதவுச் சத்தம் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல், எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னதாக.

"அத்தைங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது தப்புங்க. நீங்க வந்தது தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்லியிருக்கக் கூடாது."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் சம்பந்தியம்மா. பிறகு, "நான் வந்தது ஒனக்கு எப்படித் தெரியும்?"

இதை அம்மா யோசித்திருக்கவில்லை.

"ரேடியோல…" என்றாள் அம்மா. "ரேடியோல சொன்னாங்க."

"நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததையா?"

அம்மா கையைக் காட்டியிருக்க வேண்டும். காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. டப்பாவை ஆணியிலிருந்து எடுத்தபோது கை பட்டு ஸ்டேஷன் எகிறிப்போய்விட்டது. நான் வெறிபிடித்தவள்போலத் திருகினேன்.

"…எம் புள்ள செஞ்சதா?" என்று பிடித்துக்கொண்டது. குரல் இப்போது ரேடியோவே உடைந்துவிடும்போல வந்தது. மைக்கை வாயருகே வைத்திருந்தார். "அப்ப எல்லாருமா கேட்டீங்க?"

மேஸ்திரி அக்கா தன்னை மறந்து எழுந்து, மோட்டார் சத்தத்தையும் மீறி வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஆமாங்க!"

போச்சு என்று நினைத்தேன். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார், இனி எந்தக் காலத்திலும் வரமாட்டார். சின்னம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. அவளும் அதைத்தான் நினைத்தாள்.

ரேடியோவில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "லேகியத்தத் தின்னதையுமா?"

"ஆமாங்க!" பத்துப் பெண்களும் சேர்ந்தே சொன்னார்கள்.

உள்ளே ஏதோ குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். சம்பந்தியம்மா சிரித்தார். அம்மாவும் சிரிப்பது கேட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்து வீறிட்டது.

"ஏட்டீ," என்று சம்பந்தியம்மா டப்பாவில் அழைத்தார். சின்னம்மா நிமிர்ந்தாள். "ஒம் மவளுக்குப் பசிக்குது. அங்க என்ன கத கேட்டுக்கிட்டு? வந்து பால் குடு. சோப்புப் போட்டுக் கையக் கழுவு. வெங்காயக் கையோட புள்ளையத் தொடாத."

சின்னம்மா வரப்பில் ஓடியதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. அவள் வாசலை அடைந்ததும் நான் ரேடியோவை அணைத்தேன்.

"ஏ பொண்ணே, என்னாச்சு?" என்று எல்லோரும் பாய்ந்தார்கள்.

"பேட்டரி போயிருச்சு" என்றேன்.

சம்பந்தியம்மா எங்கள் வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். மறுநாளே காட்டில் இறங்கி, எல்லோரையும்விட வேகமாகப் பிடுங்கினார், எல்லோர் வேலையிலும் குற்றம் கண்டுபிடித்தார். அம்மா பதிலுக்குப் பதில் கொடுத்தாள். உப்பைப் பற்றி, விறகைப் பற்றி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். சின்னம்மாகூட ஒரு முறை குரலை உயர்த்தி, "அத்த, எம் பிள்ளைக்கு நாந்தான் தேய்ப்பேன்" என்றாள். சம்பந்தியம்மா, "பேச வருதே" என்று எண்ணெய்க் கிண்ணத்தை அவளிடம் தள்ளினார். முகத்துக்கு நேரே போட்டதால் எந்தச் சண்டையும் மறுநாள்வரை நிற்கவில்லை.

சின்னம்மாவையும் குழந்தையையும் அவர் அழைத்துப் போன அன்று நானும் கம்பூன்றிக்கொண்டு பாடாலூர் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் கத்தினார்.

"அடுத்த பிரசவத்துக்கு நான் வரும்போது கதவச் சாத்தி வச்சுப் பேசு!"

"நீங்க கதவுக்கு வெளிய நிக்காம உள்ள வாங்க!" என்று அம்மா திருப்பிக் கத்தினாள்.

"வருவேன்! வந்து மூணு மாசம் தங்குவேன்!"

"தங்குங்க! யாரு வேணாங்கிறா?"

கண்டக்டர் படியில் நின்றபடி விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்னக்கா, எதும் பிரச்சினையா? போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தவா?"

"நீ போப்பா," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவங்க எங்க சம்பந்தி. முன்னாடி சீட்டுல எடம் போட்டுக் குடு. பச்சப்புள்ள இருக்கு."